இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள்

டெலிவரி மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நான்கு பொருட்களை, இனி என் வேலையைப் பார்க்கப்போகும் உங்கள் இருவருக்கும் விட்டுச் செல்கிறேன். ஒரு சிறிய ரசமட்டம். துவைத்து மடித்த இரண்டு துவர்த்துத் துண்டுகள். மணல் அடைத்த ஒரு துணிப்பொம்மை. அதன் இடது தோள் பிரிந்திருக்கிறது, தைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, உறைக்குள் ஒரு தாள். அதில் பத்து வரிகள் அச்சிலும் பதினோராவது வரி என் கையெழுத்திலும் இருக்கும். அவற்றுக்கு மேலே ஒரு வரி சிவப்பு மையில், வேறொருவர் கையெழுத்தில் இருக்கும்.

முதல் மூன்றையும் பயன்படுத்த ஒரே நாளில் பழகிவிடுவீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சிவப்பு வரி எப்படி வந்தது என்று சொல்வதற்காகத்தான்.

கேக் வெட்டியபோது மேலாளர் "பணி ஓய்வு" என்றார், எல்லோரும் சிரித்தீர்கள். முப்பத்து மூன்று வயதில் அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. ஆனாலும் நான் படித்த பாலிடெக்னிக்கிலேயே ஆட்டோமொபைல் பிரிவில் கற்பிக்கப் போகிறேன். இனி என் கையால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு பேபி சீட் மாட்டும் வேலை இல்லை. அந்த அளவில் இது ஓய்வுதான்.

நம் ஷோரூமில் கார் எடுக்கிறவர்கள் மாலை கொண்டுவருவார்கள், எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள், நாசரேத் ஊர்க்காரர்கள் ஜெபம் பண்ணத் தங்கள் சபைப் போதகரான ஐயரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் நாம் நேரம் கொடுக்கிறோம். பேபி சீட்டுக்கு மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த நேரத்தை நீங்கள்தான் பிடுங்க வேண்டும். எப்போதும் கடினமாக இருக்காது. ஒருமுறை சாத்தான்குளத்திலிருந்து ஒரு தம்பதி சீட் மாட்ட வந்தார்கள். கார் வாங்கி மூன்று வருடம் ஆகியும் பின்னிருக்கையின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதன் மேல் வைத்தால் சீட் வழுக்கும், உறையைக் கழற்றுங்கள் என்றேன்.

"உறையக் கழட்டுனா சீட்டு அழுக்காயிரும்லா, மேடம்" என்றார் கணவர்.

"பிள்ளைய விட சீட்டு பெருசாக்கும்?" என்று கேட்டுவிட்டு, என் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அந்தம்மாவே உறையைக் கிழித்தார். கணவர் கிழிந்த பிளாஸ்டிக்கை மடித்து, என்ன நினைத்தாரோ, டிக்கியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்று எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஜெபசிங் வந்த நாளும் அப்படித்தான் சிரிப்பாகத் தொடங்கியது.

அவர் துறைமுகத்தில் லாஷிங் சூப்பர்வைசர். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் கடலில் ஆடாமல் இரும்புக் கம்பியும் முறுக்கியும் போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் லாஷிங். வீடு முத்தையாபுரத்தில். அவர் மனைவி எஸ்தர் கணித ஆசிரியை. பிரசவத்துக்காக நாசரேத்தில் தாய்வீட்டில் இருந்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை, ஜெமிமா. மூன்றாம் மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் புதுக் காரில் முத்தையாபுரத்துக்கு அழைத்துவர நாள் குறித்திருந்தார்கள். பயணத்துக்குச் சரி என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

"ஒரு சைஸ் பெருசாவே குடுங்க மேடம். வளந்தாலும் போட்டுக்கலாம்" என்றார் ஜெபசிங்.

"சார், இது பாவாடை சட்டை இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் பிள்ளைக்கு எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாக வாங்கித்தான் பழக்கம். மடித்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடுவோம். பேபி சீட்டை மடித்துத் தைக்க முடியாது. பெரிய சீட்டில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால், தோளில் மாட்டும் பட்டை காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு பிரேக்கில் பிள்ளை நழுவிவிடும். வயதைக் கேட்டு சீட் கொடுக்காதீர்கள். எடையைக் கேளுங்கள், உயரத்தைக் கேளுங்கள், தலை நின்றுவிட்டதா என்று கேளுங்கள்.

"பிள்ளை எவ்வளவு எடை சார்?"

"மூணே முக்கா கிலோ" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துறைமுகத்துல டன்னுல பேசுத ஆளு மேடம் நான். இப்ப வாராவாரம் கிராம் எண்ணிக்கிட்டு இருக்கேன். தலை இன்னும் நிக்கல."

அந்த எடையிலிருந்தே தாங்கும், பின்னோக்கி வைக்கும் சீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முன்சீட்டில் தன் பக்கத்திலேயே வைத்துவிடலாமா என்று கேட்டார். அங்கே ஏர்பேக் இருக்கிறது, அது விரிந்தால் பின்னோக்கிய சீட்டைத்தான் முதலில் அடிக்கும் என்றேன். இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. விசையைப் பற்றி அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெலிவரி அன்று என் தாளுடன் நின்றேன். அப்போது அதில் பத்து வரிகள். ஏழாவது வரி: சாய்வு சரியா? எட்டாவது வரி: இறுக்கம் சரியா? தலை நிற்காத பிள்ளைக்கு சீட் போதுமான அளவு படுத்தவாக்கில் இருக்க வேண்டும். நிமிர்ந்துவிட்டால் தூக்கத்தில் தலை முன்னால் விழும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை மடங்கும். அதற்காகத்தான் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது. ஏழாவது வரியில் டிக் போட்டேன்.

பிறகு பெல்ட்டை இழுத்தேன். ஜெபசிங் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், நான் ஒருக்கா இழுத்துப் பாக்கட்டா?"

சீட்டின் கால்பக்கம் முட்டியை ஊன்றினார். பெல்ட்டைக் கையில் ஒரு சுற்று சுற்றினார். ஒரே இழுப்பு. நான் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கார்தான் ஆடியது, சீட் ஆடவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு இறுக்கத்தை நான் பார்த்ததில்லை. "பிரமாதம் சார்" என்றேன். எட்டாவது வரியில் டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். தாளில் ஒரு டிக்கூடப் பொய் இல்லை. ஏழாவது வரியைப் பார்த்தபோது சாய்வு சரியாக இருந்தது. எட்டாவது வரியைப் பார்த்தபோது இறுக்கம் சரியாக இருந்தது. ஆனால் அந்த ஊன்றிய முட்டியும் அந்த ஒரே இழுப்பும் சீட்டின் கால்பக்கத்தைக் குஷனுக்குள் அமுக்கிவிட்டன. கால்பக்கம் இறங்கினால் தலைப்பக்கம் நிமிரும். குமிழ் நடுவை விட்டு எப்போதோ போய்விட்டது. ரசமட்டமோ என் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். எஸ்தர் போனில் கூப்பிட்டார். அதுவரை நான் அவரிடம் பேசியதே இல்லை.

"மேடம், சீட் மாட்டுனவியளா? பழையகாயலத் தாண்டப் போறோம். பிள்ள தூங்கிக்கிட்டு இருக்கா. தாடை நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்கி. மூச்சு கொரகொரன்னு வருது. நிமித்தி விட்டா மறுபடியும் விழுது. இது இப்படித்தான் இருக்குமா?"

பதற்றம் கொஞ்சமும் இல்லாத குரல். வகுப்பில் ஒரு கணக்கைச் சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல் கேட்டார். அந்தக் குரலுக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவர் அலறியிருந்தால் நானும் அலறியிருப்பேன்.

"வண்டிய ஓரமா நிப்பாட்டச் சொல்லுங்க. பிள்ளைய உடனே வெளிய எடுங்க. மத்தது பொறவு பேசுவோம்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது, காற்று இரைந்தது, பக்கிளைக் கழற்றும் சொடுக்கு கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.  அப்புறம்தான் ஜெமிமா அழுதாள். வீல் என்று, கோபமாக, நன்றாக அழுதாள்.

"உதடு என்ன நிறம்மா?"

"செவப்பாத்தான் இருக்கு. முழிச்சிட்டா. இப்ப மூச்சு சத்தம் இல்ல."

பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. எஸ்தரின் சித்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன். "ஏளா எஸ்தர், அந்தச் சீட்டுக் கூடையத் தூக்கி டிக்கில போடு. மடியில வச்சிக்க. வீட்டுல ஜெபத்துக்கு ஆளு வந்து உக்காந்திருக்கு."

"இந்தா இருக்கு முத்தையாபுரம். மெதுவா உருட்டிட்டுப் போயிரலாம்" என்றது ஓர் ஆண் குரல், எஸ்தரின் அண்ணன்.

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மடியில் வைத்து மெதுவாக வரச் சொல்வது. எல்லோரும் அதைத்தான் விரும்பினார்கள். ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஆனால் அது உப்பு லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும் போகும் சாலை. இரண்டு, போனிலேயே சொல்லிக்கொடுத்து அவர்களையே மாற்றி மாட்டச் சொல்வது. என் கண்ணால் பார்த்து மாட்டியதே தப்பாகப் போன பிறகு, பார்க்காமல் எப்படிச் சொல்வேன்? மூன்று, நான் போவது.

"எஸ்தர் மேடம், அங்கனயே நிழல்ல இருங்க. நான் வாரேன். அதுக்குள்ள பிள்ள மூச்சுலயோ நிறத்துலயோ எதாவது வித்தியாசம் தெரிஞ்சா எனக்காகக் காத்திருக்காதீங்க, நேரா பக்கத்து ஆஸ்பத்திரி."

"சரி" என்றார். அவ்வளவுதான். போனை வைக்கும் முன் சித்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஜெபம் அரை மணி நேரம் கழிச்சு நடந்தாலும் ஆண்டவரு கேப்பாரு சித்தி."

டெஸ்ட் டிரைவ் காரை எடுத்துக்கொண்டேன். முள்ளக்காடு வரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. உப்பளங்கள் வந்த பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஊன்றிய முட்டி நினைவுக்கு வந்தது. ஏழு, எட்டு. வரிசையே தப்பு. அந்த வரிசையில் எத்தனை சீட் மாட்டியிருப்பேன் என்று கணக்குப் போடத் தொடங்கி, பயந்து நிறுத்திவிட்டேன்.

சாலையோர டீக்கடையின் கூரை நிழலில் எஸ்தர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை விழித்து அவர் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபசிங் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். அண்ணன் டீ கிளாஸுடன் நின்று பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கன்டெய்னர் கட்டுத கையி. அதுக்குப் பிள்ளைக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியுமா? மாப்ள, நல்லவேள, நாலு மூலைக்கும் இரும்புக் கம்பி போடாம விட்டிய."

சித்தி சிரித்தார். ஜெபசிங் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதமாக கிராம் கிராமாக எண்ணி வளர்த்த பிள்ளையை, தன் கையே மூச்சுத் திணற வைத்துவிட்டது என்று அந்த மனிதர் நம்பிவிட்டார்.

நான் காருக்குள் குனிந்து சீட்டின் கோட்டருகே ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. என்னைத் தவிர யாருக்கும் அது என்ன சொல்கிறது என்று தெரியாது. "ரொம்ப இறுக்கிட்டாங்க, அதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. அண்ணன் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. நம் ஷோரூமுக்கும் பெயர் கெடாது, எனக்கும் ஒன்றும் ஆகாது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

நிமிர்ந்து நின்றேன். "சார் இறுக்குனதுல தப்பில்ல. அப்படித்தான் இறுக்கணும். இறுக்குன பொறவு சாய்வு மாறும். அதைத் திரும்பப் பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

அண்ணன் கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அப்ப பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா? கையெழுத்தை வச்சு நாங்க என்ன செய்ய?"

கேட்க வேண்டிய கேள்விதான். 

"அண்ணே, போதும்" என்றார் எஸ்தர். "தப்புன்னு சொல்லிட்டாவ. வெயில்ல ஓடி வந்து நிக்காவ. நீங்க டீயக் குடிங்க."

ஜெபசிங் அப்போதுதான் நிமிர்ந்தார். "மேடம், கப்பல்ல ஒண்ண இறுக்குனா பக்கத்துல உள்ளது தளரும். அதனால கடைசிப் பெட்டியக் கட்டி முடிச்ச பொறவு, மறுபடியும் ஒண்ணாம் நம்பர்ல இருந்து நடந்து பாப்போம். பையங்க சலிச்சிக்கிடுவானுவ. நான் விடமாட்டேன். டெய்லி அவனுவளத் திட்டுதவன், எம் பிள்ள சீட்டுல மட்டும் நடக்காம விட்டுட்டேன் பாத்தியளா?"

பெல்ட்டைக் கழற்றினோம். கையோடு கொண்டுவந்த துவர்த்தை, சீட்டின் கையேடு அனுமதிக்கும் விதத்தில் இறுக்கமாகச் சுருட்டி, கால்பக்கம் குஷனும் முதுகும் சேரும் மடிப்பில் வைத்தேன். பெல்ட்டை நான் தொடவில்லை. அதை அவரிடம் கொடுத்தேன். அவர் தயங்கினார்.

"நீங்களே இழுங்க மேடம்."

"இல்ல சார். நீங்க இழுங்க. நான் குமிழப் பாக்கேன்."

இந்த முறை முட்டியை ஊன்றவில்லை. கொஞ்சம் இழுத்தார், நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார். குமிழ் நகர்ந்தது. துவர்த்தைச் சரி செய்தேன். மறுபடி இழுத்தார். குமிழ் நடுவுக்கு வந்து நின்றது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிறகு எஸ்தர் பிள்ளையைக் கொண்டுவந்தார். அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு கனத்த சால்வை சுற்றி, அதன் மேல் பட்டை போட்டிருந்தார்கள். வெளியே பார்த்தால் இறுக்கம்; சால்வை அமுங்கினால் உள்ளே பிள்ளை தொளதொளவென்று கிடக்கும். காரோடு சீட்டைக் கட்டுவதை மட்டுமே நான் ஜெபசிங்குக்குக் காட்டியிருந்தேன். சீட்டோடு பிள்ளையைக் கட்டுவதைக் காட்டவே இல்லை, ஏனென்றால் டெலிவரி அன்று பிள்ளை நாசரேத்தில் இருந்தது. காலி சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சால்வையை எடுத்துவிட்டு, பட்டையை உடம்போடு சேர்த்து, தோளருகே கிள்ளினால் விரலில் மடிப்பு சிக்காத அளவுக்கு இழுத்து, அதன் பிறகு சால்வையை மேலே போர்த்தினோம்.

"இவ்வளவு இறுக்குனா பிள்ளைக்கு வலிக்காதா?" என்றார் சித்தி.

ஜெமிமா கொட்டாவி விட்டாள். தலை பின்னால் சாய்ந்து, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நல்ல இடைவெளியோடு கிடந்தாள். சித்தி குனிந்து பார்த்துவிட்டு, "வலிக்கலன்னு சொல்லுதா இவ" என்றார்.

முத்தையாபுரம் வரை அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். வழி முழுக்க எஸ்தரின் தலை பிள்ளைப் பக்கம் திரும்பியே இருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஜெபத்தில் என்னையும் உட்கார வைத்தார்கள். பிரியாணி ஆறியிருந்தது, அண்ணன்தான் பரிமாறினார். என் இலையில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று மாலையே பிள்ளையை மருத்துவரிடம் காட்டினார்கள். நன்றாக இருக்கிறாள் என்றார்.

கிளம்பும்போது எஸ்தர், "அந்தத் தாளக் காட்டுங்க" என்றார். கொடுத்தேன். பத்து வரிகளையும் விடைத்தாள் திருத்துவதுபோல் விரல் வைத்துப் படித்தார்.

"மேடம், இதுல சீட்டு இருக்கு, பெல்ட்டு இருக்கு, சாய்வு இருக்கு. பிள்ள எங்க?"

ஒரு வரியில்கூடப் பிள்ளை இல்லை. நானே தயாரித்த தாள். கைப்பையிலிருந்து சிவப்பு பேனாவை எடுத்தார். பிரசவ விடுப்பிலும் அதைப் பையில் வைத்திருந்தார். எல்லா வரிகளுக்கும் மேலே, அவருடைய கரும்பலகைக் கையெழுத்தில் எழுதினார்: முதலில் பிள்ளையின் முகத்தைப் பார். கடைசியிலும் பார்.

மறுநாள் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, தாளில் பதினோராவது வரியைச் சேர்த்தேன்: இறுக்கிய பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி பார்க்கவும். இரண்டு, பழைய பதிவேட்டை எடுத்து, அதுவரை சீட் மாட்டிக்கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, வந்து ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். மேலாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் கோபப்பட்டவர்கள் குறைவு. கீழவைப்பாரிலிருந்து ஒருவர் பிள்ளையோடு ஒரு கூடை நண்டும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பிள்ளை இல்லாமல் சீட் மாட்டினால், பொம்மையை வைத்துக் காட்டிவிட்டு, பிள்ளையோடு வந்து காட்டும் வரை கையெழுத்துப் போடுவதில்லை.

சிவப்பு மை நம் உப்புக்காற்றில் மங்கிவிட்டது. புதுத் தாள் அச்சடிக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அச்சடியுங்கள், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அதைக் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

போன வாரம் ஜெபசிங் மகளோடு வந்திருந்தார். ஜெமிமா பள்ளிக்கூடம் போகிறாள், பழைய சீட் போதாமல் முன்னோக்கிய பெரிய சீட்டுக்கு எப்போதோ மாறிவிட்டாள். பட்டையை வளர்த்திக்கு ஏற்ப உயர்த்த வேண்டுமா என்று கேட்கத்தான் வந்தார். ஒரு படி உயர்த்தினோம். அவர் பெல்ட்டை இழுத்தார், ஆட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தினார். பிறகு காரைச் சுற்றி நடந்து, மறு பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, எத்தன தடவ பாப்பிய? நான் இங்கனதான இருக்கேன்" என்றாள் அவள்.